ஒன்பது கவளம் சாப்பிடும் நேரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தென்கொரியாவின் வோன்ஜு நகரத்தில், ஒரு மனநல மருத்துவரின் காத்திருப்பு அறையில். மூன்றாவது மாடி. கீழே கோழி வறுக்கும் கடை. லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் எண்ணெய் வாசனையும் கூடவே ஏறி வரும். அங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், நம்பர்தான்.

[ஒரு மொழிபெயர்ப்பு வேலையாக அங்கே போயிருந்தேன். இல்லை, பொய். அடித்துவிடுகிறேன். என் வைத்தியத்துக்குத்தான் போனேன். பதினாறு வருஷமாக இந்த நாட்டில் குடித்தனம் நடத்துகிறேன். இந்த ஊர் ஆளைக் கட்டிக்கொண்டு, இந்த ஊர் வியாதியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாயிற்று.]

ஒரு செவ்வாய்க்கிழமை, ஐம்பதை நெருங்கும் அம்மாள் ஒருத்தி மருந்து ஜன்னலில் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். தோளில் ஜேச்சோன் மூலிகைச் சந்தையின் துணிப் பை. ஜேச்சோனிலிருந்து ரயிலேறி இங்கே வருகிறாள் என்றால், ஊரில் யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் அர்த்தம். அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"பொட்டலத்துல பேர் மட்டும் அடிக்காதீங்க. வீட்ல பார்த்துட்டா அவருக்குக் கஷ்டம்."

தனக்குக் கஷ்டம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

சால்வையை மறந்து வைத்துவிட்டு வந்ததால் வியாழக்கிழமை மறுபடியும் போனேன். அதே ஜன்னலில் ஒரு ஆள் குனிந்து நின்றார். முதுகில் ஜேச்சோனிலுள்ள ஏதோ டிரைவிங் ஸ்கூலின் பேர் அச்சடித்த சட்டை. அவர் சொன்னார்: "பொட்டலத்துல பேர் மட்டும் அடிக்காதீங்க. வீட்ல பார்த்துட்டா அவளுக்குக் கஷ்டம்."

என் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைவேலை. அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இராத அந்நியர்களாக இருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில் நின்றபடியே, நான்தான் அவர்களுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தேன்.

2

ஆரம்பங்கள்.

முதல் முயற்சி: "நம்குங் யோன்ஜு, தன் மாமியார் இறந்த ஐந்தாவது மாதத்தில், அவர் இன்னமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று கண்டுபிடித்தாள்." மோசமில்லை. ஆனால் வாசலிலேயே பேயை உட்கார வைத்தால் அப்புறம் வீட்டுக்குள் இருக்கும் மனிதர்களை யார் பார்ப்பார்கள்?

இரண்டாவது முயற்சி: "மனச்சோர்வுக்கு ஆளான கொரிய நோயாளிகளில் பெரும்பாலானோர், நெருங்கிய உறவுகளில்..." நிறுத்திவிட்டேன். இது டாக்டர் கொடுத்த கேள்வித்தாளின் நடை, என் பேனாவில் ஒட்டிக்கொண்டுவிட்டது.*

மூன்றாவது: "யோன்ஜுவும் மன்ஹோவும் இருபத்துநாலு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை."

இது இருக்கட்டும். இதைவிட பயங்கரமான வரி எனக்கு அகப்படவில்லை.

(* 'நெருங்கியவர்களோடு வாக்குவாதம் செய்வது எனக்குக் கடினம்' என்று அதில் ஒரு வரி உண்டு. இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், மிக அதிகம் என்றால் நாலு போட வேண்டும். இங்கே எல்லாரும் யாருக்கும் வலிக்காத இரண்டைத்தான் போடுவார்கள். நானும் இரண்டுதான் போட்டேன்.)

3

ஆகவே: யோன்ஜு, வயது நாற்பத்தொன்பது, ஜேச்சோனில் ஒரு நடுநிலைப் பள்ளியின் சமையற்கூடத்தில் வேலை. அவள் கணவர் பியோ மன்ஹோ, ஐம்பத்திரண்டு, டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் இருப்பது பிரேக் மட்டும்தான். ஒரே மகள் சியூன், புசானில் வேலை பார்க்கிறாள். அவள் பேரை வைத்துத்தான் இவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்: சியூன் அப்பா, சியூன் அம்மா.

சண்டை போடாததற்குக் காரணம் அன்பு என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். ஓரளவு உண்மைதான். இன்னொரு காரணமும் உண்டு. வாய் திறந்து கேட்பது இங்கே கொஞ்சம் முரட்டுத்தனம். முகத்தைப் பார்த்தே மனசைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் திறமைக்குக் 'கண்ணளவு' என்று பேர். கண்ணளவு இல்லாதவனுக்கு இந்த ஊரில் பெண்ணும் கொடுக்கமாட்டார்கள், வேலையும் கொடுக்கமாட்டார்கள். கணவன் மனைவி இரண்டு பேருக்குமே அது கொட்டிக் கிடந்தது.

மன்ஹோவின் அம்மா இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தார். இந்தக் கதையில் நடந்த ஒரே குற்றம் இனி வருவதுதான், அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது யோன்ஜுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஹ்ம்" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். மன்ஹோ அதைக் கேட்டார். பாவம், இவளால் இனி முடியாது என்று முடிவு கட்டினார். மறுநாள் முதியோர் மருத்துவமனை ஒன்றின் விளம்பரத் தாளைச் சாப்பாட்டு மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். யோன்ஜு தாளைப் பார்த்தாள். ஓகோ, இவர் தீர்மானித்துவிட்டார் என்று நினைத்தாள். தடுத்தால் அவருக்குச் சங்கடம் என்று மாமியாரின் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். மன்ஹோ பையைப் பார்த்தார். இவளுக்கு இவ்வளவு அவசரமா என்று ஒரு கணம் வலித்தது, இருந்தாலும் நியாயம்தான் என்று போன் பண்ணினார். வண்டி வந்தது. போன பத்தொன்பதாம் நாள் கிழவி அங்கேயே இறந்துபோனார்.

அனுப்ப வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவருமே நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்து மூன்று வரிகளாகச் சுருங்கிவிட்டது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம்."

யோன்ஜுவுக்குத் தூக்கம் போயிற்று. மாமியாரின் அறையில் வாடகைக்கு எடுத்திருந்த கட்டிலைத் திருப்பிக் கொடுத்து மாதங்களாகியும், அது கிறீச்சிடுவது அவளுக்குக் கேட்டது. பள்ளியில் ஒரு நாள் அறுநூறு பேருக்கான சோற்றைக் கருக விட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் ரயிலேறி வோன்ஜுவுக்குப் போக ஆரம்பித்தாள். மன்ஹோ ஒரு நாள் பயிற்சி மைதானத்தில், காரணமே இல்லாமல், பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் வியாழக்கிழமைகளில் போக ஆரம்பித்தார்.

4

மருந்தை எங்கே ஒளிப்பது? எனக்கே இது பெரிய தலைவலி. அடுப்படி மன்ஹோவுக்கு அத்துப்படி, துணி அலமாரி இரண்டு பேருக்கும் பொது. மூன்று நாள் யோசித்த பிறகு கிடைத்தது: பீரோவுக்கு மேலே இருந்த படையல் பெட்டி. செத்தவர்களுக்குச் சோறு படைக்கும் மரப் பாத்திரங்கள் அதற்குள் இருந்தன. துக்க வருஷம் என்று பண்டிகைப் படையல்களை நிறுத்தி வைத்திருந்ததால், தலைத் திவசம் வரைக்கும் அதை யாரும் திறக்கப் போவதில்லை. மூடி போட்ட சோற்றுக் கிண்ணம் இரண்டு உள்ளே இருந்தன. பழையது மாமனாருடையது. புதியது மாமியாருக்காக வாங்கியது, ஒரு தடவைகூட அவர் அதில் சாப்பிட்டதில்லை. அந்தப் புதுக் கிண்ணத்தில்தான் யோன்ஜு தன் பொட்டலங்களைச் சுருட்டி வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வேளை மாத்திரை, ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பன் மாதிரி நீளமாக இருக்கும். தினம் காலையில் மன்ஹோ கிளம்பியதும் நாற்காலி போட்டு ஏறி ஒன்றைக் கிழித்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தபோது ரிப்பனின் நுனியிலிருந்து ஒரு பொட்டலம் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தது. அதன் மேலே ஒற்றையாக வேறொரு பொட்டலம். அவள் மாத்திரை இளஞ்சிவப்பு. இது வெள்ளை.

அவள் கத்தவில்லை. நாற்காலிமேல் நின்றபடியே கையில் வைத்துப் பார்த்தாள்.

மாமியாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பி அனுப்பமாட்டார். ஒரு இலந்தைப்பழமாவது, ஒரு கைப்பிடி எள்ளாவது வைத்துத்தான் அனுப்புவார். "வாங்கின தட்டை வெறுமையா அனுப்பினா அந்த வீட்டோட உறவு வெறுமையாயிடும்" என்பார். கடைசிக் காலத்தில் அவர் சாப்பிட்டதும் வெள்ளை மாத்திரைதான்.

"அத்தை," என்றாள் யோன்ஜு மெதுவாக, கிண்ணத்தைப் பார்த்து. "அங்கயும் தூக்கம் வரலையா?"

மறுநாளிலிருந்து அவள் தன் மருந்தைச் சாப்பிடவில்லை. தினம் ஒன்றைக் கிழித்து மாமியாருக்கென்று கிண்ணத்திலேயே வைத்தாள். அவை குறையாமல் சேர்ந்துகொண்டே போவது அவளுக்கு விசித்திரமாகப் படவில்லை. படைத்த பழம் என்றைக்குக் குறைந்திருக்கிறது? செத்தவர்கள் வாசனையைத்தான் சாப்பிடுவார்கள். பத்தொன்பது நாள் தனியாகக் கிடக்க விட்டதற்கு இதையாவது செய்கிறோமே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் அவளை விழுங்கியது. உடம்பு வற்றியது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி பஸ்களைப் போக விட்டாள்.

5

உங்களிடம் எனக்கு ஒளிவுமறைவு வேண்டாம். வெள்ளை மாத்திரை மன்ஹோவுடையது.

ஒளிக்க இடம் தேடி அவரும் அதே பெட்டிக்குத்தான் போயிருந்தார். அவர் வைத்தது தன் அப்பாவின் கிண்ணத்தில். ஒரு நாள் விடியற்காலை அரை வெளிச்சத்தில் மூடி மாறித் திறந்து, கிழித்து, வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்த பிறகுதான் ரிப்பனின் மிச்சத்தைப் பார்த்தார். இளஞ்சிவப்பு. அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

[இங்கே மன்ஹோ மனைவியை எழுப்பி "யோன்ஜு, நீயுமா?" என்று கேட்டதாக ஒரு பத்தி எழுதினேன். பேனா ஓடியது, மன்ஹோ ஓடவில்லை. நாலு தடவை எழுதிப் பார்த்தும் படுக்கையறை வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.]

அவர் கணக்கு இப்படிப் போயிற்று. அவள் ஒளிக்கிறாள் என்றால் எனக்குத் தெரியக்கூடாது என்று விரும்புகிறாள். ஆகவே தெரியாதவனாக இருப்பதுதான் நான் அவளுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் ஒரு வேளை மருந்தைத் தின்றுவிட்டேனே, அவளுக்குக் குறையுமே! தன்னுடையதில் ஒன்றை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தார். அம்மாவின் பிள்ளைதானே, தட்டை வெறுமையாக அனுப்ப மனம் வரவில்லை.

அதற்கப்புறம் தினமும் அவள் கிண்ணத்தையும் திறந்து பார்த்தார். கிழித்த பொட்டலங்கள் சாப்பிடாமல் குவிவதைப் பார்த்தார். அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்குவதைப் பார்த்தார். ராத்திரி எதிரில் உட்கார்ந்து, அவர் கேட்க முடிந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம்."

இந்த ஆளை உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. உங்களுக்கும் வந்திருந்தால், உங்கள் வீட்டில் கடைசியாக யார் எதை வாய்விட்டுக் கேட்டார்கள் என்று கொஞ்சம் யோசித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

6

(இருந்தது. கிழித்துவிட்டேன். அதில் டாக்டர் மூன்று பக்கம் அறிவுரை சொன்னார்.)

7

இந்தப் பகுதி கதையில் சேராது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

யோன்ஜு மருந்தை நிறுத்தினாள் என்று நான் எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த செவ்வாய், காத்திருப்பு அறையில் துணிப் பை அம்மாளைக் காணோம். சளி, காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த செவ்வாயும் காணோம். ஜன்னலோரம் அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. அறை நிறைந்திருந்தும், இரண்டு பேர் சுவரில் சாய்ந்து நின்றும், அதில் யாரும் உட்காரவில்லை.

மூன்றாவது வாரம் என்னால் பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை போய் அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் இந்த நோட்டுப் புத்தகம் இருந்தது. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதறீங்க?"

"சும்மா... ஒரு கதை."

"எந்த ஊர் எழுத்து இது? சுருள் சுருளா இருக்கு."

"தமிழ்."

"ஓ. எனக்குப் படிக்கத் தெரியாது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லவேளை," என்றார்.

அவர் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"உங்களைத்தான் கூப்பிடறாங்க," என்றேன்.

"தெரியும். அம்மா, ஒண்ணு கேக்கலாமா? ஒருத்தங்க மருந்தைச் சாப்பிடறதே இல்லைன்னு நமக்குத் தெரியுது. ஆனா நமக்குத் தெரியும்ங்கறது அவங்களுக்குத் தெரியக்கூடாது. அப்ப என்ன செய்யறது?"

இது நான் எழுதியது. வேறு யாரும் படிக்க முடியாத எழுத்தில், என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியது.

"கேட்டுடுங்க," என்றேன். "வாயைத் திறந்து கேட்டுடுங்க."

நல்ல யோசனையைக் கேட்டவர்போலத் தலையாட்டினார். உள்ளே போனார். அவர் முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கேட்கமாட்டார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நோட்டைத் திறந்தேன். மாமியார் இறந்தது இலையுதிர் காலம் என்று எழுதி வைத்திருந்தேன். அப்படியானால் திவசத்துக்கு, பெட்டி இறங்குவதற்கு, இன்னும் ஆறு மாதம். அவ்வளவு நாள் அந்தப் பெண் தாங்கமாட்டாள். தேதியை அடித்தேன். மருமகளைப் பிழைக்க வைக்க, கிழவியை ஆறு மாதம் முன்னதாகவே சாகடித்தேன். எழுத்தாளர்கள் செய்யும் பாவம் எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியாது.

8

தலைத் திவசம். இப்போதெல்லாம் நள்ளிரவு வரை யாரும் காத்திருப்பதில்லை, சாயங்காலம் ஏழு மணிக்கே படைத்துவிடுகிறார்கள்.

பெட்டி இறங்குவதற்குள் பொட்டலங்களை எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். யோன்ஜு முந்தின நாளே நாற்காலியில் ஏறினாள். படைத்ததைத் திரும்ப எடுப்பதா என்று கை வரவில்லை, இறங்கிவிட்டாள். அவள் முதலில் எடுக்கட்டும், தான் முந்திக்கொண்டால் பார்த்தது தெரிந்துவிடும் என்று மன்ஹோ காத்திருந்தார். இப்படியே மறுநாள் மத்தியானம் மூன்று மணியாயிற்று. வாசல் பூட்டில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. மன்ஹோவின் அக்கா மல்சுன், பெல் அடிக்கும் வழக்கமில்லாதவள், தானே திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"ஏம்மா, மீன்ல மிளகாய்ப்பொடி கிளகாய்ப்பொடி போட்டுத் தொலைச்சிட்டியா? காரம் பட்டா அம்மா வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிடுவா."

"இல்ல அண்ணி, போடல."

"என்னம்மா இது, இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட? திவசம் எங்கம்மாவுக்கா, உனக்கா? டேய் மன்ஹோ, தூணாட்டம் நிக்கறியே, பெட்டியை இறக்கு. பாத்திரம் துடைக்கணும்."

"அப்புறமா இறக்கறேன்க்கா."

"அப்புறம்னா? அடுத்த திவசத்துக்கா? நகரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே ஏறினாள். பெட்டியைக் கூடத்தில் வைத்து, துணியை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள். தட்டு, விளிம்பு உயர்ந்த தாம்பாளம், மதுக் கோப்பை என்று ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். அடுப்படி வாசலில் யோன்ஜு கரண்டியோடு நின்றாள். மன்ஹோ ஜன்னலோரம் நின்றார். புதுக் கிண்ணத்தின் மூடி திறந்தது.

"இதென்னடி கூத்து? சோத்துக் கிண்ணத்துல மாத்திரை!" பழைய கிண்ணத்தையும் திறந்தாள். "இதுலயும்!"

"அத்தையோடது," என்றாள் யோன்ஜு.

"அம்மாவோடது," என்றார் மன்ஹோ.

ஒரே மூச்சில், ஒரே குரல்போல வந்தது.

"அடேயப்பா! கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு பேசி இப்பதான் கேக்கறேன்," என்று சிரித்தாள் மல்சுன். சிரித்தபடியே ஒரு பொட்டலத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள். பேர் அடிக்க வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இரண்டு பேருக்கும் தேதியும் அச்சாகும் என்பது ஞாபகம் வரவில்லை.

"இது போன மாசம் இருபத்தெட்டாந்தேதி கொடுத்த மருந்துடா."

யோன்ஜு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா போயி ஒரு வருஷம் ஆச்சு," என்றாள், இந்த முறை சிரிக்காமல்.

[இந்த இடத்தில் மல்சுன் உண்மையைக் கண்டுபிடித்து, தம்பியை ஓங்கி ஒன்று வைத்து, மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுவதாக எழுதியிருந்தேன். எனக்கே அழுகை வந்தது. பிறகு படித்துப் பார்த்தால் டிவி தொடரின் எண்பதாவது பகுதி மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.]

மல்சுன் புத்திசாலி. ஆனால் இந்த ஊர்க்காரி. தம்பி முகத்தைப் பார்த்தாள், தம்பி பெண்டாட்டி முகத்தைப் பார்த்தாள். கேட்காதே என்று இரண்டு முகமும் கெஞ்சின. அவளுக்கும் கண்ணளவு உண்டே.

"சரி," என்றாள். "அம்மாவோடதுன்னா அம்மாவுக்கே வெச்சிடுவோம்."

கிண்ணத்தைக் கழுவிச் சூடான சோறு நிரப்பினார்கள். படையல் கிழவியின் பழைய அறையில். சூப், பொரித்த மீன், தோலுரித்த கஷ்கொட்டை, இலந்தைப்பழம் எல்லாம் வரிசையாக இருக்க, சோற்றுக்கு வலப்பக்கம் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பொட்டலங்கள். ஆவி உள்ளே வருவதற்காக வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார்கள். மன்ஹோ மது வார்த்து இரண்டு தடவை விழுந்து கும்பிட்டார். சோற்றில் பித்தளைக் கரண்டியைச் செங்குத்தாக நட்டார்.

பிறகு எல்லாரும் வெளியே வந்து அறைக் கதவைச் சாத்தினார்கள்.

9

அந்த வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இனி கதை முழுக்க அதற்குள்தான். செத்தவர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று, ஒன்பது கவளம் சாப்பிடும் நேரத்துக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். யாரும் பேசமாட்டார்கள். நேரம் ஆனதும் மூத்தவர் மூன்று தடவை தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். சாப்பிடுபவர் திடுக்கிட்டுவிடக்கூடாது பாருங்கள்.

கூடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். மல்சுன் கதவை ஒட்டி நின்றாள். யோன்ஜுவும் மன்ஹோவும் தோள் உரசாமல் அருகருகே. கிழவியைக் கூட்டிக்கொண்டு போக வண்டி வந்த அன்றைக்கும் இதே இடத்தில் இப்படித்தான் நின்றார்கள்.

முதல் கவளத்துக்கான நேரம் போயிற்று. இரண்டாவது. மூன்றாவது.

உள்ளே பொட்டலம் கிழியும் சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம்தான். ஆனால் அதைத் தினமும் காலையில் கேட்டுப் பழகிய காதுகள் அங்கே நாலு இருந்தன. மல்சுனும் கேட்டுவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். காற்றாக இருக்கும், வாசல் கதவு திறந்துதானே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் எழுதப் பார்த்தேன். மறுபடியும் கிழிந்தது. அதைத் தொடர்ந்து, கிண்ணத்தின் அடியில் கரண்டி தட்டும் சத்தம்.

யோன்ஜுவின் முகத்தில் நிம்மதி வந்தது. அது சந்தோஷத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. சாப்பிடுகிறார், அத்தை சாப்பிடுகிறார். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். கதவைத் திறந்து உள்ளே போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துவிடத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. போனால் திரும்பி வரமாட்டாள். இதை நான் திட்டமிடவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

மன்ஹோவும் அந்த முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. தெரியாததால்தான் அவர் வாய் திறந்தது.

"அது உன்னோடது," என்றார். "அந்தச் சிவப்பு மாத்திரை உன்னோடது. வெள்ளை என்னோடது. நான்தான் உன் கிண்ணத்துல வெச்சேன். அம்மா வெக்கல."

யோன்ஜு நின்றாள்.

"டேய், பேசக் கூடாதுடா இப்ப," என்று மல்சுன் கிசுகிசுத்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை வோன்ஜுவுக்குப் போறேன். ஏழு மாசமாச்சு. நீயும் மருந்துக்குப் போறேன்னு தெரியும். தெரியும்னு காட்டிக்கல. நான் ஒரு..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. வேறொன்றை ஆரம்பித்தார். "யோன்ஜு."

சியூன் அம்மா இல்லை. யோன்ஜு.

"அம்மாவை அங்க அனுப்பணும்னு நீ நினைச்சியா?"

இத்தனைக்கும் நடுவில் உள்ளே கரண்டி தட்டிக்கொண்டேதான் இருந்தது.

10

முடிவுகள்.

அவள் "இல்லை" என்று சொல்வதாக ஒன்று எழுதினேன். "நீங்கதானே தாளைக் கொண்டுவந்து வெச்சீங்க!" என்று கத்தி, இருபத்துநாலு வருஷத்தின் முதல் சண்டை அங்கே தொடங்குவதாக. பிடித்திருந்தது. அதனாலேயே நம்பவில்லை.

அவள் "ஆமாம்" என்று சொல்வதாகவும் எழுதினேன். அது பொய்தான். அவரைப் பழியிலிருந்து காப்பாற்ற, கடைசியாக ஒருமுறை கண்ணளவு பார்த்து அவள் சொல்லும் பொய். அதை எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அப்படிச் சொன்னால் அவள் அந்த அறைக்குள்தான் போவாள்.

நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஜன்னலோர நாற்காலியில் துணிப் பை இருக்குமா இருக்காதா என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் எழுதும் பதில் அதை முடிவு செய்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வெட்கப்படாமல் சொல்கிறேன், பயம்தான். ஆகவே நான் எழுதப் போவதில்லை. முகத்தைப் பார்த்து அடுத்தவர் மனசில் இருப்பதைச் சொல்வதைத்தானே நானும் இத்தனை பக்கமாகச் செய்துகொண்டிருந்தேன்!

உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஒரு உதவி மட்டும் செய்ய முடிந்தது. கனைக்க வேண்டியவள் மல்சுன், அவள் தொண்டையை அடைத்து வைத்திருக்கிறேன். மூன்று கனைப்பு கேட்கும் வரை கதவு திறக்காது, ஒன்பதாவது கவளம் முடியாது. வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

யோன்ஜு கணவர் பக்கம் திரும்பிவிட்டாள். வாயும் திறந்துவிட்டது. உள்ளே கரண்டிச் சத்தம் இப்போது நின்றிருக்கிறது. கிழவியும் காது கொடுத்துக் காத்திருக்கிறார். அவள் என்ன சொல்கிறாள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள், கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்க வேண்டும்.